கடற்கரை ஓவியர் பணிக்கர்

வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஓடிவரும் காவிரியாறு, கொடுமுடியை அடைந்ததும் கிழக்கு நோக்கித் திரும்புகின்றது. வெள்ளியங்கிரி மலைச்சாரலிற் பிறந்து கோயம்புத்தூரைத் தொட்டு வரும் நொய்யலாறு, அவ்வூருக்குச் சற்றுத் தொலைவில் காவிரியோடு கலக்கின்றது. கோவைப் பகுதியிற் பெய்யும் மழைநீரில் ஒரு பங்கு இவ்வாறு காவிரி வழியே கீழைக் கடலுக்குச் செல்கின்றது. மற்றொரு பங்கு மேற்கே செல்கின்றது. ஆனைமலையிற் பிறக்கும் ஆழியாறு பொள்ளாச்சிப் பக்கத்தைக் கடந்து பாலக்காட்டு நிலத்திற் புகுந்து பாரதப்புழையோடு சேர்கின்றது. அப்புழை பொன்னானி என்னும் பழந்துறைமுகத்தில் அரபிக் கடலிற் கலக்கின்றது.

கோயம்புத்தூரிற் பிறந்த ஒருவர் வாழ்வும் இவ்விரு திசைகளிலும் சென்றது. இளமையில் அவர் பொன்னானிக் கரையின் நீர்நிலங்களைக் கண்டு ஓவியர் ஆனார். முதுமையில் கீழைக் கடற்கரை மணலில் ஓவியர்க்கென்றே ஓர் ஊர் அமைத்தார். அவரே கே. சி. எஸ். பணிக்கர். கோவை மக்கள் தம் ஊர்ப் பெருமைகளை எண்ணிச் சொல்லும்போது பஞ்சாலைகளைச் சொல்வர். சிறுவாணி நீரின் சுவையைச் சொல்வர். பணிக்கர் பெயரைப் பெரும்பாலும் சொல்வதில்லை. இந்திய நாட்டின் இக்கால ஓவிய வரலாற்றை எழுதுவோர் எவரும் அப்பெயரை விட்டுவிட்டு எழுத இயலாது.

பணிக்கர் 1911ஆம் ஆண்டு மே மாதத்திற் பிறந்தார். அவர்தம் இளமைக் காலம் மலபார்ப் பகுதியில், பொன்னானியை அடுத்த வெளியங்கோடு என்னும் ஊரிற் கழிந்தது. அக்காலத்தில் கோயம்புத்தூரும் மலபாரும் சென்னை மாகாணம் என்னும் ஒரே ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த மாவட்டங்களாக இருந்தன. மொழிவாரி மாநிலங்கள் அமைந்தது 1956ஆம் ஆண்டிலேயாம். ஆதலின், பாலக்காட்டுக் கணவாயின் இப்பக்கத்தார் அப்பக்கம் செல்வதும், அப்பக்கத்தார் இப்பக்கம் வருவதும் அந்நாளில் அயல்நாட்டுப் பயணம் ஆகா.

பொன்னானிப் பகுதியின் நிலம் ஒரு தனி இயல்பு உடையது. கடலை ஒட்டி நீண்ட மணல் திட்டு. அதன்மேல் அடர்ந்த தென்னந்தோப்பு. அத்தோப்புக்கு உட்புறமாகக் காயலும் கால்வாயும். அவற்றுக்கும் அப்பால் கண்ணுக்கு எட்டிய மட்டும் சதுப்பு நிலம். இச்சதுப்பினை அந்நாட்டார் 'கோள்' நிலம் என்பர். கடல் மட்டத்திற்கும் தாழ்ந்து கிடக்கும் அந்நிலம் மழைக்காலத்தில் முழுவதும் நீருள் மூழ்கி ஏரிபோலத் தோன்றும். மழை ஓய்ந்தபின் உழவர்கள் மண்வரப்பு எழுப்பி, நீரை இறைத்து வெளியேற்றி, சேற்றில் நெல் நடுவர். அந்நாளில் காலால் மிதித்துச் சுழற்றும் மரச்சக்கரங்களைக் கொண்டே நீரை இறைத்தனர். பாதி ஆண்டு நீராகவும் பாதி ஆண்டு வயலாகவும் இருக்கும் அந்நிலத்தில் எது கரை, எது நீர் என்று வரையறுத்தல் எளிதன்று. கனோலி என்னும் ஆங்கிலேயக் கலெக்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டுவித்த கால்வாய் இப்பகுதி வழியே செல்கின்றது. வள்ளங்கள் தேங்காய் மட்டையும் நெல்லும் ஏற்றிக்கொண்டு அதில் ஓசையின்றிச் செல்லும்.

வறண்ட கொங்குச் சமவெளியைக் கண்டு பழகிய கண்ணுக்கு இக்காட்சி வியப்பைத் தரும். கொங்கு நாட்டில் நிலத்தின் நிறம் செம்மண்ணும் கருங்கல்லும். பசுமை என்பது கிணற்றடியிலும் ஆற்றோரத்திலும் மட்டுமே காணப்படுவது. அங்கோ எங்கும் பச்சை. அப்பச்சையிலும் ஒன்றுபோல் ஒன்று இராது. இளநெல்லின் பச்சை வேறு, தென்னை ஓலையின் பச்சை வேறு, பாசி படர்ந்த நீரின் பச்சை வேறு. பணிக்கர் 12ஆம் வயதிலேயே இந்நிலக்காட்சிகளைத் தீட்டத் தொடங்கினார். 17 வயதில் அவர் ஓவியங்கள் சென்னை நுண்கலைச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியில் இடம்பெற்றன. முறையான பயிற்சி ஏதும் பெறாத ஓர் இளைஞர்க்கு அது சிறிய பேறன்று.

அவர் முதலிற் கையாண்டது நீர்வண்ணம். அம்முறையின் இயல்பைச் சற்று அறிந்தால்தான் அவர் ஆற்றலை மதிப்பிட இயலும். எண்ணெய் வண்ணத்தில் ஓவியன் தவறு செய்தால் அதன்மேல் வேறு வண்ணம் பூசி மறைத்துவிடலாம். நீர்வண்ணத்தில் அதற்கு இடமில்லை. தாளின் வெண்மையே அங்கு ஒளி. ஒருமுறை மூடிய வெண்மையை மீண்டும் பெறுதல் அரிது. நீரில் வானம் ஒளிர்வதைக் காட்ட விரும்பும் ஓவியன், அவ்விடத்தில் ஒன்றும் தீட்டாமல் விட்டுவிட வேண்டும். எதனை விடுவது என்பதனைத் தூரிகையை நனைப்பதற்கு முன்னரே அவன் முடிவு செய்தாக வேண்டும். ஈரத்தாளின்மேல் வைத்த வண்ணம் தானே பரவும்; அது பரவும் அளவைக் காற்றும் வெயிலும் முடிவு செய்யும். கடற்கரையின் ஈரக்காற்றில் தாள் விரைவில் உலராது. பொறுமையற்றவன் அடுத்த வண்ணத்தைத் தொட்டவுடன் முன்னதும் பின்னதும் கலந்து சேறாகிவிடும். நிலமும் நீரும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் ஒரு நாட்டைத் தீட்டுவதற்கு இதனினும் ஏற்ற முறை வேறில்லை எனலாம். அவருடைய தொடக்கக் கால ஓவியங்களிற் காணும் தென்னந்தோப்பும், கால்வாயும், வயல்வெளியும் இம்முறையின் பயனாய்த் தோன்றியவை.

ஆயினும் அவர் உடனே முழுநேர ஓவியராக வாழ இயலவில்லை. குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. தந்தித் துறையில் வேலை பார்த்தார். பின்னர்க் காப்புறுதி முகவராகவும் அலைந்தார். ஓவியத்தை நம்பி வாழ முற்படுவோன் உணவுக்கு என்செய்வான் என்னும் கேள்வியை அவர் நூலிற் படித்து அறியவில்லை. தம் வாழ்விலேயே அறிந்தார். பிற்காலத்தில் அவர் செய்த பெருஞ்செயலுக்கு இவ்வாண்டுகளே காரணம் என்று கருத இடமுண்டு.

1936ஆம் ஆண்டில், 25 வயதில், பணிக்கர் சென்னை அரசினர் கலைப்பள்ளியிற் சேர்ந்தார். அப்பள்ளி 1850ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பெற்றது. பணிக்கர் சேர்ந்தபோது அதன் தலைவராக இருந்தவர் தேவிபிரசாத் ராய் சௌதரி. சென்னைக் கடற்கரையிற் பாறையைப் பெயர்க்கும் நால்வரைக் காட்டும் உழைப்பாளர் சிலையை வடித்தவர் அவரே. அப்பள்ளிக்குத் தலைவரான முதல் இந்தியரும் அவரே. பணிக்கர் 1940 வரை அங்குப் பயின்று, 1941இல் அங்கேயே ஆசிரியர் ஆனார். 1957இல் தம் ஆசிரியர் ஓய்வுபெற்றபோது அவர் வகித்த தலைமைப் பதவியையும் ஏற்றார். இதற்கிடையே, 1944இல், இளம் ஓவியர்களைத் திரட்டி முற்போக்கு ஓவியர் சங்கம் ஒன்றை நிறுவினார். பெரும்பாலோர் பம்பாயில் 1947இல் தோன்றிய முற்போக்குக் குழுவை மட்டுமே அறிவர். சென்னைச் சங்கம் அதற்கு மூன்றாண்டு மூத்தது.

இக்காலத்தில் அவர் ஓவியம் மெல்ல மெல்ல மாறிவந்தது. வான்கோ, கோகென் ஆகிய ஐரோப்பிய ஓவியர்களின் அழுத்தமான வண்ணமும் தூரிகை வீச்சும் அவரைக் கவர்ந்தன. நிலக்காட்சியினூடே மனிதர்கள் வந்து நின்றனர். மலபாரின் உழவர்களும் எளிய மக்களும் அவர் படங்களில் இடம்பெற்றனர். அஜந்தாச் சுவரோவியங்களின் வளைகோடுகளையும் அவர் கூர்ந்து கற்றார். 1954ஆம் ஆண்டில் இலண்டனிலும் பாரிசிலும் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பெற்றன. அந்நாடுகளின் கலைக்கூடங்களையும் அவர் நேரிற் கண்டார்.

அங்கே அவர் கண்டவை அவரை மகிழ்வித்ததினும் மிகுதியாகக் கலக்கின. ஐரோப்பிய ஓவியர்கள் தம் மரபினை உடைத்து, அவ்வுடைப்பிலிருந்தே புதியதொன்றைச் செய்துகொண்டிருந்தனர். இந்திய ஓவியர்களோ அப்புதுமையை வாங்கி வந்து இங்கே விரித்துக்கொண்டிருந்தனர். பொன்னானித் தென்னையைத் தீட்டினாலும், தீட்டும் கண் பிரெஞ்சு நாட்டிலிருந்து கடன்பெற்ற கண்ணாக இருப்பின், அது எந்நாட்டு ஓவியம்? இக்கேள்வி அக்காலத்து இந்திய ஓவியர் பலரையும் வருத்தியது. சிலர் பழைய கோயிற்சிற்பங்களைப் பார்த்து எழுதுவதே விடை என்றனர். சிலர் கேள்வியையே புறக்கணித்தனர். பணிக்கர் விடை காண ஏறக்குறைய பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டார்.

1950களின் இறுதியில் அவர் தீட்டிய 'தோட்டம்' என்னும் வரிசை ஓவியங்களில் மாற்றம் தெளிவாகத் தெரிகின்றது. அங்கே தொலைவும் அண்மையும் இல்லை. மரமும், செடியும், பறவையும், மனிதரும் ஒரே தட்டையான பரப்பில் கோலம்போல் பின்னிக் கிடக்கின்றனர். அடிவானம் மறைந்துவிட்டது. அடிவானம் இல்லாத நிலக்காட்சி என்பது, முதன்முதலிற் பார்ப்போர்க்குத் திகைப்பூட்டுவதே.

1963இல் அவர் இன்னும் ஒரு படி சென்றார். 'சொற்களும் குறியீடுகளும்' என்று பெயரிய வரிசை அப்போது தொடங்கியது. முதலிற் கணிதக் குறிகளையும் எண்களையும் உரோமன் எழுத்துகளையும் படங்களில் எழுதினார். பின்னர் அவை நீங்கி, மலையாள எழுத்தைப் போன்ற உருவங்கள் வந்தன. போன்ற என்பதே இங்குக் கருதத்தக்கது. அவை மலையாள எழுத்துகள் அல்ல. வரிவரியாக எழுதப்பட்டிருப்பினும் ஒரு சொல்லும் பொருள்படாது. அவ்வரிகளுக்கிடையே ஜாதகக் கட்டங்களும், மந்திரச் சக்கரங்களும், மீனும், பாம்பும், பறவையும் தோன்றும்.

இவ்வோவியங்கள் பெருநகரத்துக் கற்றோர்க்குப் புதிராகத் தோன்றலாம். கொடுமுடிவாசிகளுக்கு அவை அத்துணைப் புதியவை அல்ல. கோள்களின் தீங்கு நீங்கப் பரிகாரம் வேண்டி ஜாதகத்தைக் கையிற் பிடித்து அவ்வூர்க் கோயிலுக்கு வருவோரை அவர்கள் அன்றாடம் காண்கின்றனர். கட்டத்துள் எழுதிய எழுத்துகள், அவற்றை நோக்கிக் கவலையோடு குனியும் முகங்கள், மரத்தடியில் மஞ்சள் பூசி நிறுத்திய நாகக் கற்கள் ஆகியவை அவர்களுக்குப் பழகிய காட்சிகள். வீட்டுப் பரணில் மூதாதையர் விட்டுச் சென்ற ஓலைக்கட்டு ஒன்று கிடக்கும். அதிலுள்ளதைப் படிக்க வீட்டில் எவர்க்கும் தெரியாது. ஆயினும் எறிந்துவிடவும் மனம் வராது. பணிக்கரின் ஓவியங்கள் அவ்வோலைகளை நினைவூட்டுகின்றன. அவர் தாம் கண்ட ஊர்களின் தோற்றத்தை விட்டுவிட்டு, அவ்வூர் மக்களின் மனத்தில் எழுதிக் கிடந்ததைத் தீட்ட முற்பட்டார் எனலாம். இம்முயற்சி எல்லாப் படங்களிலும் ஒருபோல் வெற்றி பெற்றது என்று சொல்வதற்கில்லை. சில படங்களில் குறிகள் வெறும் அலங்காரமாக நின்றுவிடுகின்றன. சிறந்த படங்களிலோ, நெருங்கிப் பார்க்கையில் எழுத்தும், விலகிப் பார்க்கையில் நிலமும் தெரிகின்றன.

ஓவியத்தில் விடை கண்டவர்க்கு வாழ்வில் மற்றொரு கேள்வி எதிர்நின்றது. கலைப்பள்ளியின் தலைவராக இருந்த பணிக்கர், ஆண்டுதோறும் தேர்ச்சிபெற்று வெளியேறும் மாணவர்களைக் கண்டார். ஐந்தாறு ஆண்டுகள் அரும்பாடுபட்டுக் கற்றவர்கள், வெளியே சென்றதும் விளம்பரப் பலகை எழுதுவோராகவும் அலுவலக எழுத்தராகவும் மாறித் தூரிகையைக் கைவிட்டனர். சென்னையில் அந்நாளில் ஓவியக் கூடங்கள் அரிது. விலைகொடுத்து ஓவியம் வாங்குவோர் அவற்றினும் அரியர். தாம் ஒருகாலத்தில் காப்புறுதித் தாள்களைச் சுமந்து அலைந்ததை அவர் மறந்திருக்க மாட்டார்.

அவர் கண்ட வழி கைத்தொழில். மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து கலைஞர் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தனர். அவர்கள் செய்த பொருள்களுள் 'பாத்திக்' என்னும் சாவகத் தீவு முறைத் துணி முதன்மையானது. துணியின்மேல் உருக்கிய மெழுகினால் உருவம் எழுதிச் சாயத்தில் தோய்த்தால், மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பின்னர் வேறோர் இடத்தில் மெழுகிட்டு, வேறொரு சாயத்தில் தோய்ப்பர். மெழுகு வெடித்த கோடுகளிற் சாயம் புகுந்து நரம்புபோல் படரும். அதுவே அத்துணியின் அழகு. சென்னிமலைத் தறிகளையும் ஈரோட்டுச் சாயச் சாலைகளையும் அறிந்தோர்க்கு இத்தொழிலின் உழைப்பை விளக்க வேண்டுவதில்லை. பாத்திக் துணி நன்கு விலைபோயிற்று. உலோகப் பொருள்களும் மட்கலங்களும் உடன் விற்றன.

ஓவியம் கற்றவன் துணிக்குச் சாயமிடுவது அவன் கலைக்கு இழுக்கன்றோ என்று எண்ணுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருப்பர். பணிக்கர் கருத்து வேறு. வயிற்றுக்கு வேண்டியதைக் கைத்தொழில் ஈட்டித் தருமாயின், ஓவியன் எவர் விருப்பத்திற்கும் வளையாமல் தன் ஓவியத்தைத் தீட்டலாம். வாங்குவோர் இல்லையே என்று அதனை மாற்றவும் வேண்டுவதில்லை. சங்கத்தின் வருவாய் சேர்ந்தது. அத்தொகையைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே இஞ்சம்பாக்கம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் சில ஏக்கர் மணல் நிலம் வாங்கினர். 1966ஆம் ஆண்டில் சோழமண்டலம் என்னும் கலைஞர் சிற்றூர் அங்கே தோன்றியது. அரசு கொடுத்த நிலம் அன்று. வள்ளல் ஒருவர் வழங்கிய கொடையும் அன்று. கலைஞர் தம் கையுழைப்பால் ஈட்டியது.

பெயரைக் குறித்து ஒரு சொல். இஞ்சம்பாக்கம் பழைய தொண்டை நாட்டைச் சேர்ந்த ஊர். சோழ நாட்டு ஊர் அன்று. தமிழகத்தின் கீழைக் கடற்கரை முழுவதையும் ஐரோப்பிய மாலுமிகள் 'கோரமண்டலம்' என்று வழங்கினர். சோழமண்டலம் என்பதே அவ்வாறு திரிந்தது என்பர். கலைஞர்கள் அத்திரிபை நீக்கிப் பழம்பெயரை மீட்டனர்.

இன்று கிழக்குக் கடற்கரைச் சாலை என்று வழங்கும் பெருவழி அந்நாளில் இல்லை. மணல்மேடும், சவுக்குத் தோப்பும், தாழம்புதரும், மீனவர் குடிசைகளுமே இருந்தன. கிழக்கே கடல், மேற்கே சிறிது தொலைவில் பக்கிங்காம் கால்வாய், வடமேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு, தெற்கே முட்டுக்காட்டுக் கழி. மணல் திட்டு, கால்வாய், சதுப்பு என்னும் இவ்வரிசையைக் காண்போர்க்குப் பணிக்கரின் இளமைக் காலப் பொன்னானி நினைவுக்கு வரும். ஞாயிறு அங்குக் கடலில் மறையும். இங்குக் கடலில் எழும். அவ்வளவே வேறுபாடு.

அவரோடு அங்குச் சென்று குடியேறியும் பணிபுரிந்தும் வந்தோருள் சுல்தான் அலி, சேனாதிபதி, ஹரிதாசன், வாசுதேவ், ஜயபால பணிக்கர் முதலியோர் புகழ்பெற்ற ஓவியர்கள் ஆயினர். பணிக்கரின் மைந்தர் நந்தகோபால் உலோகச் சிற்பத்திற் பெயர்பெற்றார். இராமானுஜம் என்னும் இளைஞர் ஒருவரும் அங்கு வாழ்ந்தார். உலகத்தாரோடு பழகத் தெரியாத அவர், மாடங்களும் பறவைகளும் விந்தை விலங்குகளும் நிறைந்த கனவு நகரங்களை மையினால் நுண்ணிதின் வரைந்தார். 1973இல் இளமையிலேயே மறைந்தார். கலைஞர்க்கு ஊர் அமைக்கலாம். ஒவ்வொருவர் துயரையும் அவ்வூர் தீர்த்துவிடும் என்று எதிர்பார்த்தல் கூடாது.

பணிக்கர் 1967இல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1976இல் தில்லி லலித கலா அகாதெமி அவரைத் தன் மதிப்புறு உறுப்பினராகத் தேர்ந்து சிறப்பித்தது. அடுத்த ஆண்டாகிய 1977இன் தொடக்கத்தில் அவர் சென்னையிற் காலமானார். தலைவர் மறைந்தபின் இத்தகைய ஊர்கள் கலைந்துபோதல் உலகில் வழக்கம். சோழமண்டலம் கலையவில்லை. 2009ஆம் ஆண்டில், சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகளைக் காக்கும் அருங்காட்சியகம் ஒன்றும் அங்குத் திறக்கப்பெற்றது.

சுற்றியிருந்த நிலமோ பெரிதும் மாறிவிட்டது. சவுக்குத் தோப்புகள் இருந்த இடத்தில் மாளிகைகளும் உணவு விடுதிகளும் எழுந்துள்ளன. பள்ளிக்கரணைச் சதுப்பின் பெரும்பகுதி கட்டடங்களுக்கும் குப்பைமேட்டிற்கும் இரையாயிற்று. எஞ்சியது 2022இல் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலிற் சேர்க்கப்பெற்றது. மேலைக் கரையின் கோள் நிலங்கள் அதற்கு இருபது ஆண்டு முன்னரே, 2002இல், வேம்பநாட்டுக் காயலோடு சேர்த்து அப்பட்டியலில் இடம்பெற்றன. ஓவியர் வாழ்ந்த இரண்டு கரைகளின் சதுப்புகளும் இவ்வாறு காக்கப்பட வேண்டியவை என ஏட்டில் ஏறிவிட்டன.

திருவனந்தபுரத்து அருங்காட்சியக வளாகத்தில் பணிக்கரின் ஓவியங்களுக்கெனத் தனிக்கூடம் ஒன்று 1979இல் அமைக்கப்பெற்றது. மலபாரின் பச்சை வயல்கள் முதல் 'சொற்களும் குறியீடுகளும்' வரை அவர் கடந்துவந்த வழியை அங்கே காணலாம். மலையாளம் கற்ற சிறுவர்கள் அவ்வெழுத்துப் படங்களின் முன்னே நின்று, முதல் வரியை எழுத்துக்கூட்டிப் படிக்க முயல்வர், படிக்க வராது. இரண்டாம் வரியையும் முயன்று பார்ப்பர். பின்பு ஒரு மூலையில் நீந்தும் மீனைக் கண்டுகொண்டு, படத்தைப் பார்க்கத் தொடங்குவர்.